பல் ஒன்று, பெற்றுக்கொண்டேன்

புனித அப்பொலோனியாவின் பல்லுக்கு விலை சுழியம் யூரோ. பில்லில் அப்படித்தான் எழுத வேண்டும்.

புனிதர்களின் எலும்பையும் பல்லையும் விற்பது பாவம் என்கிறது திருச்சபைச் சட்டம். ஆனால் அந்தப் பல்லை வைத்திருக்கும் வெள்ளிப் பேழையை விற்பதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆகவே பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் முழுக்கப் பழைய கோயில் சாமான் வாங்கி விற்கிறவர்கள் பில்லில் இரண்டு வரி எழுதுவார்கள். பேழை, நாலாயிரத்து இருநூறு. பல், அன்பளிப்பு, சுழியம். அதே பேழை காலியாக இருந்தால் எண்ணூறுக்குக்கூடப் போகாது என்பது விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியும். கோயில்களுக்கெல்லாம் தலைவரான ஆயருக்குத் தெரியாது என்று நினைத்தால் நீங்கள் ஆயரிடம் வியாபாரம் பண்ணியதில்லை என்று அர்த்தம்.

மார்னிக்ஸ் கெர்க்ஹோவ் பண்ணியிருக்கிறார். கென்ட் நகரத்தில் கால்வாய் ஓரமாக அவருடைய அப்பா வைத்த கடை அது. கோயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வரும் காலத்தில் அந்தக் கடை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. ஆயரின் மறைமாவட்டத்தில் எந்தக் கோயிலில் எந்தக் கிண்ணத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டாலும் மார்னிக்ஸ் சொன்னால் சரி. அவருடைய வாய்ச்சொல்லைவிட ரசீது பெரிது. "வாயால ஆயிரம் சொல்லிக்கோ, ரசீதுல மட்டும் பொய் எழுதாதே" என்பது அப்பா அடிக்கடி சொன்னது. அறுபத்தொரு வயதுவரை மார்னிக்ஸ் ரசீதில் ஒரு பொய்கூட எழுதியதில்லை. பிரச்சினையே அதுதான்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பாதர் செவெரின் போன் செய்தார். மறைமாவட்டத்தின் கோயில் சொத்துகளுக்குப் பொறுப்பாளர், நாற்பது வயதுக்காரர், மூச்சு விடாமல் பேசுவார்.

"மார்னிக்ஸ், மேர்லார கோயிலை மூடறோம். அந்த ஊர்ப் பங்கைப் பக்கத்து ஊர்ப் பங்கோட சேர்க்கிறோம். சாமான் எல்லாம் கணக்கெடுத்தாச்சு. அந்தப் பல்லு மட்டும்தான் பாக்கி."

"எந்தப் பல்லு, பாதர்?"

"உங்களுக்குத் தெரியாத பல்லா? எழுபத்தொம்பதுல பேழையை ரிப்பேர் பண்ணினதே நீங்கதானாமே. அதைத் திறந்து குடுங்க. பல்கலைக்கழகத்துல பழைய எலும்புக்கு வயசு பாக்கறாங்க. இலவசம்."

"அப்பொலோனியா பல்லுன்னு ஐரோப்பா முழுக்க வெச்சிருக்கற பல்லையெல்லாம் சேர்த்தா ஒரு முதலைக் கூட்டத்துக்கே போதும். அசலான்னு கேக்கறதே சங்கடம் பாதர். விட்டுடலாமே."

"அசலா இல்லாட்டிப் பரவாயில்ல. ஐந்நூறு வருஷம், அறுநூறு வருஷம் பழசுன்னா போதும். அத்தனை தலைமுறை பல்லுவலியோட வந்து கும்பிட்டது. அதுக்கே ஒரு மரியாதை இருக்கு இல்லையா?"

மார்னிக்ஸின் நாக்கு தானாகவே கீழ்வரிசையின் இடது கோடிக்குப் போய், அங்கே பல் இல்லாத இடத்தைத் தடவியது. முப்பத்தெட்டு வருடமாக அந்த நாக்குக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"வர்றேன் பாதர்," என்றார்.

எழுபத்தொன்பதில் மார்னிக்ஸ் 'அவர்' ஆகியிருக்கவில்லை, அவன்தான். வயது இருபத்திமூன்று. அப்பா பிரஸ்ஸல்ஸில் ஏலத்துக்குப் போயிருந்த ஒரு ஜனவரி ஞாயிறு. மேர்லார கோயில்பிள்ளை மெடார்ட் ஸ்டையார்ட் இரண்டு நாளுக்கு முன்னால் பேழையைக் கையோடு கொண்டுவந்து கொடுத்திருந்தார். கோயில்பிள்ளை என்றால் மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாவி வைத்திருப்பவர். கீல் உடைந்து, வெள்ளி கறுத்து, முகப்புக் கண்ணாடி புகையேறி மங்கிப் போயிருந்தது. பிப்ரவரி ஒன்பது புனிதை திருநாள். அதற்குள் வேண்டும் என்றார். மார்னிக்ஸ் ரசீது எழுதிக் கொடுத்தான்: வெள்ளிப் பேழை, ஒன்று. பல், ஒன்று. பெற்றுக்கொண்டேன்.

கறுத்த வெள்ளியை வெதுவெதுப்பான அமிலத் தொட்டியில் போட்டால் வெளுத்துவிடும். போடும் முன் உள்ளே இருப்பதை எடுத்துவிட வேண்டும், அதுதான் பட்டறையின் முதல் விதி. மார்னிக்ஸும் எடுத்தான். பேழைக்குள் இருந்த பஞ்சுப் பொதியை அப்படியே எடுத்து மேசைமேல் பத்திரமாக வைத்தான். பல் அதற்குள் இருக்கிறது என்று நினைத்தான். பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் டெலிவிஷனில் சேற்றுச் சைக்கிள் பந்தயம், உலகச் சாம்பியன்ஷிப், ஆரம்பித்துவிட்டது. ஜனவரி மாதத்தில் சேற்றுச் சைக்கிள் பந்தயம் ஓடும்போது ஒரு ஃபிளாண்டர்ஸ்காரனைப் பஞ்சைப் பிரி என்று சொல்லிப் பாருங்கள்.

பந்தயம் முடிந்து வந்து பஞ்சைப் பிரித்தான். வெறும் பஞ்சு. பல்லை யாரோ ஒரு முன்னோர் பேழையின் அடியில் மெழுகு வைத்து ஒட்டியிருந்தார். தொட்டியின் சூட்டில் மெழுகு உருகி, பல் அமிலத்தில் ஒன்றரை மணி நேரம் கிடந்திருக்கிறது. இடுக்கியால் எடுத்தபோது பாதி கையோடு வந்தது, மீதி சுண்ணாம்புக் குழம்பாகக் கலங்கிப் போனது. வந்த பாதியும் துணியில் வைத்ததும் பொடிந்தது. பேழை மட்டும் பளிச்சென்று நிலா மாதிரி இருந்தது.

அப்பா திரும்பி வர மூன்று மணி நேரம் இருந்தது. மார்னிக்ஸின் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதில் போன வருடம் பல் டாக்டர் பிடுங்கிக் கொடுத்த அவனுடைய ஞானப்பல், இரண்டு வேரோடு. ஏன் வைத்திருந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடுங்கக் கூலி கொடுத்திருந்தான், சரக்கை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. காபியில் கொதிக்க வைத்தான். தேநீரில் ஊற வைத்தான். மெழுகு வைத்துப் பேழையின் அடியில் ஒட்டினான். பார்க்க எழுநூறு வருடம் மாதிரிதான் இருந்தது.

மெடார்ட் வந்து வாங்கிப் போனார். பேழையின் கண்ணாடி வழியாகப் பல்லை நீண்ட நேரம் பார்த்தார். மார்னிக்ஸ் அவருடைய தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். ரசீதில் எழுதினான்: பேழை, ஒன்று. பல், ஒன்று. திருப்பித் தந்தேன். எண்ணிக்கை சரி. பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. மெடார்ட் பேனாவைத் திறந்து குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நல்லாப் பளபளக்குது தம்பி," என்று மட்டும் சொன்னார்.

பாதரின் போன் வந்த வாரமே மேர்லார கோயிலின் சின்ன அறையில் மூன்று பேர் நின்றார்கள். மார்னிக்ஸ், பாதர் செவெரின், சாவி வைத்திருந்த லுட்கார்ட். மெடார்ட் இறந்து பத்து வருடமாகிறது. கோயில்பிள்ளை வேலை வாரிசு வேலை இல்லை என்றாலும் சாவி எப்படியோ மகளுக்கு வந்துவிட்டது. லுட்கார்டுக்கு ஐம்பத்தொன்பது வயது. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பேழையின் சின்னப் பூட்டுக்கு ஊரிலேயே ஒரே சாவி. அதைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தார்.

"பல்லை அறுப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு துண்டுதான் எடுப்பாங்க," என்றார் பாதர்.

"அப்போ பல்லுவலிக்காரம்மாவுக்கே பல்லுவலின்னு சொல்லுங்க."

பாதர் சிரித்தார். மார்னிக்ஸும் சிரிக்க வேண்டிய நேரத்துக்குச் சிரித்துவிட்டு, பூட்டைத் திறந்து, கத்தி நுனியால் மெழுகை நெம்பினார். அது அவரே வைத்த மெழுகு. பல் உள்ளங்கையில் விழுந்தது. தன் பல்லை அத்தனை நாள் கழித்துப் பார்க்கும்போது ஒருவருக்கு என்ன தோன்றும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. ஒரு பக்கத்து வேர் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மற்றபடி நன்றாகவே இருந்தது. வாய்க்குள் மீதி இருந்தவற்றைவிட நன்றாக.

"கையை இறுக்க மூடிக்கிட்டீங்களே," என்றார் லுட்கார்ட்.

"குளிரும்மா. கோயிலை மூடறதுக்கு முன்னாலேயே ஹீட்டரை மூடிட்டாங்க."

இது உண்மைதான். ஹீட்டரை மூடிவிட்டார்கள். உண்மையை மட்டும் சொல்லியே ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போகலாம் என்று மார்னிக்ஸுக்கு நன்றாகத் தெரியும்.

ஜனவரியில் முடிவு வந்தது. பாதர் செவெரின் கடைக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மார்னிக்ஸ், புனிதை செத்தது மூணாம் நூற்றாண்டு. இந்தப் பல்லு உருவானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு வாக்குல."

"அறுபத்தேழா?"

"அணுகுண்டுச் சோதனையெல்லாம் நடந்தபோது காத்துல கலந்தது பல்லுல தங்கிடுமாம். வருஷத்தையே சொல்லிடறாங்க. இந்த ஆள் பொறந்தது ஐம்பதுகளின் நடுவுல. உங்க வயசு, கொஞ்சம் முன்னப்பின்ன."

மார்னிக்ஸ் வாயை மூடிக்கொண்டார். நிஜமாகவே மூடிக்கொண்டார், உதட்டை அழுத்தி.

"உங்க எழுபத்தொம்பது ரசீதைக் காட்டுங்க," என்றார் பாதர்.

ரசீது நகல்கள் வருடவாரியாக இருந்தன. மார்னிக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பாதர் படித்தார். பெற்றது, பல் ஒன்று. தந்தது, பல் ஒன்று. கீழே மெடார்ட் ஸ்டையார்டின் கையெழுத்து, கார்பனில் நீலமாக.

"நீங்க வாங்கினப்போ உள்ள இருந்தது பழைய பல்லுதானே? உங்க கண்ணுக்கு?"

"பழசுதான் பாதர். ரொம்பப் பழசு."

"சரி. பல்லு உங்ககிட்ட வந்துச்சு, உங்ககிட்டேருந்து போச்சு. ரசீது இருக்கு. அப்புறம் சாவி மெடார்டுகிட்ட மட்டும்தான் இருந்துச்சு." பாதர் பெருமூச்சு விட்டார். "பாவம் லுட்கார்ட். ஆனா நான் அறிக்கையில எழுதித்தானே ஆகணும்? உங்க ரசீதுதான் சாட்சி."

பாதர் போன பிறகு மார்னிக்ஸ் அந்த நகலை மறுபடி பார்த்தார். பேழை என்ற வரிக்கு எதிரே மெடார்ட் போட்ட குறி இருந்தது. பல் என்ற வரிக்கு எதிரே இல்லை. அதை அவர் முன்பும் பார்த்திருக்கிறார், ஏழெட்டுத் தடவை. கார்பன் சரியாகப் பதியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோப்பை மூடியிருக்கிறார். இந்தத் தடவையும் மூடினார்.

மேர்லார சின்ன ஊர். அறிக்கை இன்னும் ஆயர் கைக்குக்கூடப் போகவில்லை, பீர்க்கடைக்குப் போய்விட்டது. மார்னிக்ஸ் அந்த வாரம் பக்கத்துப் பண்ணையில் ஒரு அலமாரி பார்க்கப் போனவர், வேண்டுமென்றே அந்தக் கடையில் இறங்கினார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கடைக்காரர் கஸ்டோன் கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி எல்லோருக்கும் கேட்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"எண்பத்தொண்ணுல மெடார்ட் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டானா இல்லையா? அதே வருஷம் கலர் டிவி! மணி அடிக்கற சம்பளத்துலயா? இப்பத் தெரியுதா, என்னத்த அடிச்சான்னு?"

சிரிப்பு.

"வித்தது யாருக்கோ அமெரிக்காக்காரனுக்கு. பதிலுக்கு எவனோ ஒரு பயலோட பல்லை உள்ள வெச்சிட்டான். நாப்பது வருஷமா நாம அதைக் கன்னத்துல தேய்ச்சிக்கிட்டிருக்கோம்! எவன் பல்லோ, என்னத்தத் தின்ன பல்லோ!"

"கஸ்டோன், அந்த மனுஷன் செத்துட்டார்," என்றார் ஒரு கிழவர்.

"செத்தா? கல்லறையில போய்ப் பாரு, சிரிக்கிறான்."

மார்னிக்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தார். மெடார்டின் கல்லின்மேல் யாரோ ஒரு பழைய பல் செட்டை ஒட்டியிருந்தார்கள். மேல்வரிசை, கீழ்வரிசை, இரண்டும். கடைகளில் விற்கும் கெட்டிப் பசை. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. பேனாக் கத்தியை எடுத்துக் கால் மணி நேரம் நெம்பி எடுத்தார். கல்லில் இரண்டு பிறைத் தழும்பு நின்றது. பல் செட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வேறெங்கே போடுவது என்று தெரியவில்லை.

அங்கிருந்து லுட்கார்ட் வீடு நூறு அடி. நடந்து போனார். போகும்போதே ஒரு திட்டம் போட்டார், வியாபாரியின் திட்டம். அந்தம்மாவுக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டும். பணமாகக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார். எனவே ஏதாவது வாங்க வேண்டும்.

லுட்கார்ட் காபி வைத்தார், பிஸ்கட் தட்டு வைத்தார், எதிரே உட்கார்ந்தார். கழுத்தில் சாவி இல்லை. பங்குப் பேரவை வாங்கிக்கொண்டுவிட்டது.

"கூரைக்கும் டிவிக்கும் எங்கம்மா நிலத்தை வித்த காசு," என்றார், கேட்காமலே. "பத்திரம் அலமாரியில இருக்கு. யார்கிட்டக் காட்டறது? பீர் குடிக்கிறவன்கிட்டயா? திருநாளைக்கு இந்த வருஷம் நான் வர வேண்டாமாம். நாப்பது வருஷமா வாசல்ல நின்னு மிட்டாய்த் தட்டு நீட்டறது நான்தான்."

பல்வலிப் புனிதையின் திருநாளில் மேர்லாரவில் வெண்ணெய் மிட்டாய் கொடுப்பது வழக்கம். பக்தி ஒரு பக்கம், பல் டாக்டருக்கு வருமானம் ஒரு பக்கம்.

மார்னிக்ஸ் தொண்டையைச் செருமினார். "உங்க அப்பாவோட பாக்கெட் கடிகாரம் இருக்குமே. அதை நான் வாங்கிக்கலாமான்னு..."

லுட்கார்ட் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"நானூறு யூரோ தர்றேன்."

"இது நிக்கல்."

"வெள்ளியும் கலந்திருக்கும்."

"நிக்கல்தான். நீங்களே ஒரு தடவை எங்கப்பாகிட்டச் சொன்னீங்க. நாப்பதே ஜாஸ்தி."

"ஐந்நூறு."

"இது ஓடாது."

"அறுநூறு."

லுட்கார்ட் கடிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கெர்க்ஹோவ் ஐயா, உங்க அப்பா என்கிட்ட ஒரு மெழுகுவர்த்தித் தண்டுக்கு அரை நாள் பேரம் பேசினவர். நீங்க அவரைவிட மோசம்னு ஊர்ல பேர். நான் விலையை இறக்க இறக்க நீங்க ஏத்தறீங்க. என்ன விஷயம்?"

மார்னிக்ஸ் காபியைப் பார்த்தார். பிஸ்கட்டைப் பார்த்தார். கோட்டுப் பையில் அந்தப் பல் செட்டு இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. கையை விட்டு எடுத்து மேசைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் லுட்கார்டின் முகம் சுருங்கியது; அதைப் பற்றி அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

"எடுத்துட்டேன்," என்றார் மார்னிக்ஸ். "தழும்பு இருக்கு. பாலிஷ் போட ஆள் அனுப்பறேன்."

"அதுக்குத்தான் அறுநூறா?"

"இல்ல."

பிறகு சொன்னார். பஞ்சு, பந்தயம், அமிலம், தீப்பெட்டி, காபி. ஒரு பொருளின் பூர்வீகம் சொல்கிற குரலிலேயே ஆரம்பித்தார். அந்தக் குரல் பாதியில் நின்றுவிட்டது. மீதியை யாருடைய குரலில் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

லுட்கார்ட் அந்தப் பல் செட்டைத் தட்டுக்கு அப்பால் தள்ளி வைத்தார். அப்புறம் கேட்டார்: "எந்தப் பக்கத்துப் பல்லு?"

"கீழ. இடது."

"எனக்கு எண்பத்தாறுல இடது பக்கம்தான் வலிச்சுது. மூணு நாள் தூங்கல. எங்கப்பாகிட்டச் சாவியை வாங்கி, பேழையை எடுத்து, இந்தக் கன்னத்துல வெச்சு அழுதேன். உன் கடைவாய்ப் பல்லையா?"

'நீங்க' போய்விட்டது. மார்னிக்ஸ் அதைக் கவனித்தார். தனக்கு உரிய சொல் அதுதான் என்றும் பட்டது.

"வலி நின்னுச்சா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட அடுத்த நொடி வெட்கமாக இருந்தது.

"நின்னுச்சு," என்றார் லுட்கார்ட். கொஞ்சம் சிரிப்பு வந்தது, அது வந்ததற்காகவே அவருக்குக் கோபமும் வந்தது. எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே அவருடைய அப்பாவின் காகிதங்கள். ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினார். எழுபத்தொன்பது ரசீதின் அசல்.

மசியில் எழுதியது. இதில் கார்பன் இல்லை, சாக்குச் சொல்ல. பேழைக்கு எதிரே குறி அழுத்தமாக இருந்தது. பல்லுக்கு எதிரே வெறும் காகிதம். பேனா முனை ஒரு கணம் ஊன்றி நின்ற புள்ளி மட்டும் இருந்தது.

"பாதர் போன வாரம் வந்து கேட்டப்போ இதைத் தேடி எடுத்தேன்," என்றார் லுட்கார்ட். "அப்பா மறந்துட்டார்னு நெனச்சேன். ஆனா எங்கப்பா பூசைக்கு வந்த தலையைக்கூட எண்ணிக் குறிக்கிறவர். இன்னொண்ணு சொல்லட்டுமா? அந்த வருஷத்துலேருந்து அவருக்குப் பல்லு வலிச்சா பல் டாக்டர்கிட்டத்தான் போனார். அதுக்கு முன்னால ஒரு தடவைகூடப் போனதில்ல. 'என்னங்க, பேழை இருக்கே'ன்னு அம்மா கேட்டா, டாக்டர் பக்கத்துல இருக்காரு, புனிதையம்மா ரொம்ப தூரத்துல இருக்காங்கம்பார்."

மார்னிக்ஸின் நாக்கு அந்த இடத்தைத் தேடவில்லை. வாயே இல்லாதது போல இருந்தது.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

"தெரிஞ்சிருக்கு."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னைக் கேட்டா? அவரைப் போய்க் கேளு. கல்லறைத் தோட்டம் ஒம்பது மணிக்குத் திறப்பாங்க."

மார்னிக்ஸ் காகிதத்தைக் கீழே வைத்தார். இருபத்திமூன்று வயதில் அவர் ஒரு கிழவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தார். அந்த நினைப்பில் குற்றவுணர்வும் இருந்தது, ரகசியமாக ஒரு துளி சாமர்த்தியப் பெருமையும் இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தத் துளியும் போய்விட்டது. கிழவர் ஏமாறவில்லை. ஒவ்வொரு திருநாளிலும் அந்தப் பேழையைச் சுமந்து, ஊர்க் கன்னங்களில் வைத்து, இந்தப் பையனின் பெயரைச் சொல்லாமல் இருபத்தெட்டு வருடம் வாழ்ந்து செத்திருக்கிறார். அதற்குக் கூலியாகக் கல்லில் ஒட்டிய பல் செட்டு.

"பாதர்கிட்டச் சொல்லிடறேன்," என்றார். "நாளைக்கே."

"பாதர்கிட்டச் சொன்னா அறிக்கையில ஒரு வரி மாறும். அதை யார் படிப்பா? கஸ்டோனா?" லுட்கார்ட் மேசையைத் தட்டினார். "எனக்கு எங்கப்பாவைத் தெரியும். நீ எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. ஊருக்குச் சொல்லு."

"சொன்னா என் கடை..."

சொல்லி முடிக்கவில்லை. மறைமாவட்டம் இனி ஒரு கரண்டியைக்கூட மதிப்புப் போட அவரைக் கூப்பிடாது. மார்னிக்ஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார், பழக்கம் விடுமா? ஒரு பக்கம் கடை, மறுபக்கம் செத்துப்போன ஒருவரின் பெயர். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பெண் பேரத்துக்கு வரவில்லை. காபிக் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போய்விட்டார்.

மார்னிக்ஸ் கோட்டின் உள்பையில் இருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். எங்கே போனாலும் அது கூடவே இருக்கும். கார்பனைச் செருகினார்.

"என்ன எழுதற?" என்றார் லுட்கார்ட், குழாயடியில் இருந்து.

"எனக்கு இது ஒண்ணுதான் எழுதத் தெரியும்."

முதல் வரியில் 'பல் சேதமடைந்தது' என்று எழுதினார். லுட்கார்ட் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"சேதமடைஞ்சுதா? தானாவா?"

அடித்துவிட்டு 'என் கவனக்குறைவால்' என்று சேர்த்தார்.

"கவனக்குறைவுன்னா என்ன? சைக்கிள் பந்தயம்னு எழுது."

"அதெல்லாம் ரசீதுல..."

"எழுது."

எழுதினார். மூன்று தாள் கிழிந்தது. நான்காவது தாளில் இருவருக்கும் ஒத்துப்போனது. வாழ்க்கையில் மார்னிக்ஸ் இழுத்த பேரங்களிலேயே இதில்தான் எதிராளி ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

பிப்ரவரி ஒன்பது, கடைசித் திருநாள். மேர்லார கோயில் வாசலில் அறிவிப்புப் பலகை. சைக்கிள் சங்கத்தின் ஆண்டு விருந்து, தொலைந்துபோன பூனை, இரண்டுக்கும் நடுவே லுட்கார்ட் அந்த ரசீதை நான்கு ஊசி குத்தி மாட்டினார். மார்னிக்ஸ் பக்கத்திலேயே நின்றார். நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வந்தவர்கள் படித்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி படித்தார்கள். ஒரு கிழவி தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். கஸ்டோன் இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். பாதர் செவெரின் படித்து முடித்துவிட்டு ஒரு சின்னத் தீப்பெட்டியை எடுத்து மார்னிக்ஸிடம் நீட்டினார். ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பிய மிச்சம் அதில் இருந்தது.

"இது உங்க பொருள்," என்றார். 'மார்னிக்ஸ்' என்று பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இனி போனும் வராது.

மார்னிக்ஸ் வாங்கிக்கொண்டார். லுட்கார்ட் மிட்டாய்த் தட்டோடு தன் பழைய இடத்தில் நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் நீட்டியவர், மார்னிக்ஸ் பக்கம் மட்டும் நீட்டவில்லை. கூட்டம் குறைந்ததும் பேனாவைக் கேட்டு வாங்கி, ரசீதின் வலப்பக்கக் கட்டத்தில் பங்கின் சார்பாகக் குறியிட்டார். வரிவரியாக, விரல் வைத்து, அவருடைய அப்பா மாதிரியே. கடைசி வரியில் பேனா முனை ஒரு கணம் ஊன்றி நின்றது. பிறகு பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கெர்க்ஹோவ் கடை, கென்ட். மேர்லார பங்குக்கு.

பெற்றது, ஜனவரி 1979: வெள்ளிப் பேழை, ஒன்று. ✓

பெற்றது, அதே நாள்: புனித அப்பொலோனியாவின் பல் என்று எழுநூறு வருடம் நம்பப்பட்டது, ஒன்று. ✓

திருப்பித் தந்தது: வெள்ளிப் பேழை, ஒன்று. ✓

சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டு அமிலத்தில் நான் கரைத்தது: மேற்படி பல், ஒன்று. ✓

அதற்குப் பதிலாக ஏமாற்றி வைத்தது: என் சொந்தப் பல், ஒன்று. செல்லாது. ✓

கோயில்பிள்ளை மெடார்ட் ஸ்டையார்ட் எடுத்தது: சுழியம். ✓

பாக்கி: பல், ஒன்று.